வீட்டுப் பட்டறைக்கு டஸ்ட் கலெக்டர்: மோட்டாரை விடுங்கள், காற்றைக் கணக்குப் போடுங்கள்

மரத்தைத் தேய்க்கும் சாண்டரை அணைத்துவிட்டு மூக்கைச் சிந்தினால், அன்று எந்த மரத்தில் வேலை செய்தோம் என்று கைக்குட்டையே சொல்லிவிடும். தேக்கு என்றால் பழுப்பு, மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை என்றால் வெளிறிய மஞ்சள். மூக்கு தன் வேலையைச் செய்துவிட்டது என்று ஒரு நிம்மதியும் வரும். எனக்குப் பல வருடம் அந்த நிம்மதி இருந்தது. ஆனால் மூக்கில் சிக்குவது கரடுமுரடான தூள்தான். அதைவிடப் பொடியானது சிக்காமல் உள்ளே போய்விடும். டஸ்ட் கலெக்டர் என்ற தூசு உறிஞ்சும் இயந்திரம் வாங்குவதே கைக்குட்டையில் தெரியாத அந்தத் தூளுக்காகத்தான்.

புதிதாகப் பட்டறை போடுகிறவர்கள் பெரும்பாலும் தரையைப் பார்த்து இதை வாங்குகிறார்கள். குவியல் குவியலாகச் சீவல் கிடக்கிறது, அதை அள்ள ஒரு இயந்திரம் வேண்டும், மோட்டார் பெரிதாக இருந்தால் நன்றாக அள்ளும் என்பது கணக்கு. சீவலை அள்ளத் துடைப்பம் போதும். காற்றில் மிதப்பதைப் பிடிக்கத்தான் இயந்திரம். இந்த ஒரு விஷயம் மனதில் ஏறிவிட்டால், எதை வாங்குவது என்ற கேள்வியில் பாதி தீர்ந்த மாதிரி.

எந்தத் தூள் பிரச்சினை?

பிளேனர் சுருள் சுருளாகச் சீவல் தள்ளும். ரம்பம் மணல் மாதிரி தூள் தள்ளும். சாண்டரிலிருந்து வருவது பவுடர். இந்த மூன்றோடும் புகை மாதிரி ஒரு நுண்தூசு கலந்து வருகிறது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். நம் தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரான் தடிமன். 10 மைக்ரானுக்குக் கீழே உள்ள துகள் மூக்கையும் தொண்டையையும் தாண்டி மூச்சுக்குழாய்க்குள் போகும். 2.5 மைக்ரானுக்கும் கீழே என்றால் நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போகும்.

இந்தப் பொடித்துகள் கீழே இறங்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. தண்ணீரின் அடர்த்தி உள்ள 10 மைக்ரான் துகள் அசையாத காற்றில் ஒரு மீட்டர் இறங்க ஐந்தாறு நிமிடம் ஆகும். அதே அடர்த்தியில் 1 மைக்ரான் துகளுக்கு ஏறக்குறைய 8 மணி நேரம். நாம் நடந்தாலே காற்று அசைகிறது, அது திரும்ப மேலே போகிறது. ஆக, நேற்று மாலை அறுத்த பலகையின் தூசை இன்று காலை வேலை தொடங்கும்போது சுவாசிக்கிறோம்.

உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, 1995இல் மரத்தூளை முதல் பிரிவில் வைத்தது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்குப் போதிய சான்று உள்ள பொருட்களின் பிரிவு அது. மூக்கிலும் அதை ஒட்டிய சைனஸ் குழிகளிலும் வரும் புற்றுநோய்தான் இதில் முக்கியம். வருடக்கணக்கில் மரத்தூளுக்கு நடுவே வேலை செய்தவர்களிடம் கண்டது அது, வாரக்கடைசியில் ஒரு ஸ்டூல் செய்கிறவர் அதற்காகப் பதறத் தேவையில்லை. ஆஸ்துமா, தோல் அரிப்பு, சளி விடாமல் இருப்பது போன்றவை அதைவிடச் சீக்கிரம் வரும். வெஸ்டர்ன் ரெட் சிடார் மரத்தின் தூள் ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும் என்பது நன்கு தெரிந்த விஷயம். எம்டிஎஃப் பலகையில் தூள் மிகப் பொடியாக வரும், கூடவே ஃபார்மால்டிஹைட் கலந்த பசையும் வரும். ஒருமுறை ஒரு மரம் ஒவ்வாமல் போய்விட்டால், அதன் பிறகு கொஞ்சம் பட்டாலும் உடம்பு காட்டிக்கொடுக்கும்.

உறிஞ்சுவதில் இரண்டு வகை

பட்டறை வேக்குவம், டஸ்ட் கலெக்டர் இரண்டுமே உறிஞ்சத்தான் செய்கின்றன. உறிஞ்சும் விதம்தான் வேறு.

வேக்குவம் ஒல்லியான குழாயில் பலமாக இழுக்கும். கொஞ்சம் காற்று, நிறைய இழுவை. டஸ்ட் கலெக்டர் அகலமான குழாயில் நிதானமாக இழுக்கும். நிறைய காற்று, கொஞ்சம் இழுவை. காற்றின் அளவை சி.எஃப்.எம். என்று சொல்வார்கள், நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று போகிறது என்பது அது. இழுவையை ‘இத்தனை அங்குலம் தண்ணீர்’ என்று சொல்வார்கள். ஒரு குழாயைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் இயந்திரத்தைப் பூட்டினால் எத்தனை அங்குலம் தண்ணீர் மேலே ஏறும் என்பதுதான் அந்தக் கணக்கு. நல்ல பட்டறை வேக்குவம் 60, 80 அங்குலம் ஏற்றிவிடும், ஆனால் காற்று 100 முதல் 150 சி.எஃப்.எம். அளவில் நின்றுவிடும். சாதாரண டஸ்ட் கலெக்டர் 8 முதல் 12 அங்குலம்தான் ஏற்றும், ஆனால் 4 அங்குலக் குழாய் வழியாகவே 350 சி.எஃப்.எம். போல இழுக்கும். குழாய் பெரிதானால் அதற்கும் மேல்.

இதனால்தான் கையடக்க சாண்டருக்கு வேக்குவம் அருமையாகப் பொருந்துகிறது. சாண்டரின் வாய் சிறியது. வட்டின் ஓட்டைகள் வழியாகக் காற்றை வலுக்கட்டாயமாக இழுக்க இழுவை வேண்டும். அதே வேக்குவத்தை பிளேனரில் மாட்டினால் நிமிடத்தில் தொண்டை அடைத்துக்கொள்ளும். டஸ்ட் கலெக்டரை ஒல்லியான ஹோஸ் வழியாக சாண்டரில் மாட்டினாலும் அதேபோல ஏமாற்றம்தான். மோட்டார் உறுமும், சாண்டர் பக்கம் மூச்சே இருக்காது.

குழாயின் கணக்கு

இந்தப் பகுதியை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மரத்தூளும் சீவலும் குழாயில் படியாமல் ஓட, காற்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 4000 அடி வேகத்தில் போக வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. மணிக்கு 73 கிலோமீட்டர். அதற்குக் குறைந்தால் சீவல் குழாயின் அடியில் படுத்துக்கொள்ளும், பிறகு அதன்மேல் இன்னொன்று, அப்புறம் அடைப்பு.

இந்த வேகத்தைக் குழாயின் குறுக்குப் பரப்பால் பெருக்கினால் காற்றின் அளவு கிடைத்துவிடும். இரண்டரை அங்குலக் குழாய்க்கு 136 சி.எஃப்.எம். நான்கு அங்குலத்துக்கு 350. ஐந்துக்கு 545. ஆறுக்கு 785. நான்கிலிருந்து ஆறுக்குப் போனால் விட்டம் ஒன்றரை மடங்குதான், காற்றோ இரண்டேகால் மடங்கு. டேபிள் சா (மேசையில் பொருத்திய வட்ட ரம்பம்), சிறிய பிளேனர் போன்றவற்றின் சீவலை அள்ள 350 முதல் 450 சி.எஃப்.எம். போதும் என்பார்கள். நுண்தூசையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்றால் 800, 1000 என்று கேட்கிறவர்கள் உண்டு. மேலே உள்ள கணக்கைப் பார்த்தால் ஒன்று புரியும்: 1000 சி.எஃப்.எம். வேண்டும் என்றால் 4 அங்குலக் குழாய் எந்த மோட்டாரை மாட்டினாலும் தராது. சின்ன மோட்டாரின் கையில் அகலமான குழாயைக் கொடுத்தாலும் வேகம் குறைந்து சீவல் படியும். குழாயும் மோட்டாரும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்டது புத்திசாலித்தனத்தால் இல்லை. முதலில் வாங்கிய ஒன்றரைக் குதிரைத்திறன் கலெக்டரின் பெட்டியில் 1200 சி.எஃப்.எம். என்று அச்சிட்டிருந்தது. அதில் நான்கு மீட்டர் நெளிவு ஹோஸை மாட்டி, மறுமுனையை டேபிள் சாவின் இரண்டரை அங்குல வாயில், குழாயை ஒடுக்கும் ஒரு ரெடியூசர் போட்டுச் செருகினேன். ஒரு பலகை அறுத்ததும் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். தூள் பெட்டிக்குள் முழங்கை அளவு குவிந்திருந்தது. இயந்திரத்தைத் திட்டினேன். பிறகுதான் தெரிந்தது, பெட்டியில் போட்ட எண் ஹோஸ் இல்லாமல், சில சமயம் பில்டர்கூட இல்லாமல் வெறும் விசிறியாக ஓட விட்டு அளந்தது. போதாக்குறைக்கு நான் வேறு அந்த 1200ஐ ஸ்ட்ரா மாதிரி ஒல்லியான வாய் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நெளிவு ஹோஸ் வழவழப்பான குழாயைவிட மூன்று மடங்கு வரை காற்றைத் தடுக்கும். கூர்மையான 90 டிகிரி வளைவு ஒன்று பல அடி நேர்க்குழாய்க்குச் சமம். டி வடிவ இணைப்புக்குப் பதில் 45 டிகிரி ஒய் இணைப்பு போட்டாலே வித்தியாசம் தெரியும். நான் ஹோஸை ஒரு மீட்டராக வெட்டினேன், மீதிக்கு நேர்க்குழாய் போட்டேன், சாவின் அடிப்பெட்டியில் 4 அங்குலத்துக்கு ஓட்டை போட்டு வாயைப் பெரிதாக்கினேன். அதே மோட்டார்தான், அடுத்த பலகைக்கு மேசைக்கடியில் ஒரு கைப்பிடித் தூள்கூட இல்லை.

ஆக, வாங்கும்போது பெட்டியின் மேல் உள்ள எண்ணைப் பார்க்காதீர்கள், விசிறி வரைகோடு இருக்கிறதா என்று கேளுங்கள். எந்த இழுவையில் எவ்வளவு காற்று என்று அது காட்டும். அது கிடைக்காவிட்டால் இம்பெல்லரின், அதாவது காற்றை இழுக்கும் விசிறிச் சக்கரத்தின், விட்டத்தைப் பாருங்கள். 10 அங்குலத்துக்கும் 12 அங்குலத்துக்கும் நல்ல வித்தியாசம் உண்டு. சின்ன இம்பெல்லரை வைத்துக்கொண்டு பெரிய குதிரைத்திறன் சொல்கிறார்கள் என்றால் சந்தேகப்படலாம்.

ஊதுவது எளிது, உறிஞ்சுவது கடினம்

ஒரு மெழுகுவர்த்தியை ஒரு கை தூரத்தில் வைத்து ஊதினால் அணைந்துவிடும். அதே தூரத்திலிருந்து மூச்சை உள்ளே இழுத்துப் பாருங்கள், சுடர் அசையக்கூட அசையாது. ஊதும் காற்று ஒரே திசையில் போகிறது, இழுக்கும் காற்று எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது. குழாயின் வாயிலிருந்து அதன் விட்டத்தின் அளவு தள்ளிப் போனாலே காற்றின் வேகம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். 4 அங்குல ஹோஸை ரம்பத்துக்கு அருகில் ‘சும்மா’ நீட்டி வைத்தால் பலன் இல்லாமல் போவது இதனால்தான். பல்லிலிருந்து தெறிக்கும் தூள் அதைவிட வேகமாக ஓடிவிடும்.

அதனால் கலெக்டருக்குச் செலவு செய்வதற்கு முன், தூள் கிளம்பும் இடத்தை எப்படி மூடுவது என்று யோசியுங்கள். டேபிள் சாவில் அடியில் மட்டும் இழுத்தால் பாதி வேலைதான், பிளேடின் மேல்பக்கம் உங்கள் முகத்தை நோக்கி வீசுவதைப் பிடிக்க மேல்மூடியில் ஒரு குழாய் வேண்டும். பட்டை ரம்பமான பேண்ட் சாவில் கீழ்ச்சக்கரத்தின் பெட்டியிலும் மேசைக்கு நேர் அடியிலும். கோணத்தில் வெட்டும் மைட்டர் சாதான் இருப்பதிலேயே முரடு. எல்லாப் பக்கமும் தெறிக்கும், பின்னால் ஒரு பெட்டி மாதிரி கூடு கட்டினால் ஓரளவு அடங்கும்.

பில்டர்: பைக்குள் என்ன நடக்கிறது

மலிவான கலெக்டரின் மேலே ஒரு துணிப்பை உப்பிக்கொண்டு நிற்கும். அதன் நெசவு 30 மைக்ரான் அளவில் இருந்தால், அது சீவலைப் பிடித்துக்கொண்டு நுண்தூசைத் தலை உயரத்தில் பட்டறை முழுவதும் தூவும். இயந்திரம் இல்லாத நாளைவிடக் காற்று மோசமாகும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்பது என் கட்சி. மோட்டாரில் ஒரு படி இறங்கியாவது 1 மைக்ரான் பில்டருக்கு ஏறுங்கள். விற்பவர் ‘1 மைக்ரான்’ என்று மட்டும் சொன்னால் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். ஹெப்பா என்றால் 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதம் பிடிக்க வேண்டும் என்று வரையறை உண்டு. வெறும் மைக்ரான் எண்ணுக்கு அப்படி ஒரு பிடிமானம் இல்லை.

நெருக்கமான நெசவு காற்றையும் தடுக்கும். அதற்கு ஈடாகப் பரப்பு பெரிதாக வேண்டும். மடிப்பு மடிப்பாக உள்ள கேனிஸ்டர் பில்டர் அதற்காகத்தான். சிறிய உருளைக்குள் பெரிய பரப்பு மடங்கியிருக்கும். மடிப்புகளில் தூள் அப்பிக்கொண்டால் காற்று குறையும், உள்ளே உள்ள தட்டியைச் சுழற்றி உதற வேண்டும். வெளியிலிருந்து உள்நோக்கிக் காற்றடித்தும் சுத்தம் செய்யலாம், ஆனால் அதைத் திறந்தவெளியில், முகமூடியோடு செய்யுங்கள்.

பில்டரே இல்லாமல் காற்றை வெளியே விட்டால்? காற்றின் தரத்துக்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் நிமிடத்துக்கு 800 கன அடி வெளியே போனால் அதே அளவு உள்ளே வர வழி வேண்டும். வீட்டோடு ஒட்டிய பட்டறையில் எரிவாயு வாட்டர் ஹீட்டர் போன்றவை இருந்தால், அவற்றின் புகைபோக்கி வழியாகக் கார்பன் மோனாக்சைடை உள்ளே இழுத்துவிடும் அபாயம் உண்டு. பக்கத்து வீட்டாரின் துணிக்கொடியையும் மறக்காதீர்கள்.

சைக்ளோன்

கூம்பு வடிவப் பாத்திரத்துக்குள் பக்கவாட்டில் காற்றைச் சுழல விட்டால், கனமான துகள் சுவரில் மோதி வேகம் இழந்து கீழே விழும், லேசான காற்று நடுவில் மேலே போகும். சுழல ஆரம்பித்ததும் பிரிந்துவிடுகிறது, இதில் அசையும் பாகமே இல்லை. பில்டருக்குப் போவது மிச்சம் மீதிதான் என்பதால் அது மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். இதற்கு விலையாகக் கொஞ்சம் இழுவை போகும், உயரமும் இடமும் வேண்டும்.

வேக்குவத்தில் மாட்டும் சின்ன சைக்ளோன் வாளிகள் புதியவர்களுக்கு நல்ல முதலீடு. ஒன்றை மட்டும் கவனியுங்கள். மூடி காற்றுப் புகாமல் இறுக்கமாக இருக்க வேண்டும். கீழிருந்து காற்று கசிந்து ஏறினால் விழுந்த தூளையும் தூக்கிக்கொண்டு போய்விடும். மெல்லிய பிளாஸ்டிக் வாளியும் வேண்டாம். ஒருமுறை ஹோஸின் வாயில் ஒரு மரத்துண்டு அடைத்துக்கொண்டது, ‘டப்’ என்று ஒரு சத்தம், திரும்பிப் பார்த்தால் என் வாளி உள்ளங்கையில் கசக்கிய காகிதக் கோப்பை மாதிரி உள்ளே மடங்கிக் கிடந்தது. அந்த 80 அங்குல இழுவை வேலை செய்வதை நேரில் பார்த்தது அன்றுதான்.

சரி, எதை வாங்குவது?

பட்டறையில் இருப்பது கையடக்கக் கருவிகள் மட்டும் என்றால், அதாவது சாண்டர், ரவுட்டர், சர்குலர் சா இவ்வளவுதான் என்றால், டஸ்ட் கலெக்டர் வேண்டாம். ஹெப்பா பில்டர் உள்ள வேக்குவமும் சைக்ளோன் வாளியும் வாங்குங்கள். இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

டேபிள் சாவோ பிளேனரோ வந்துவிட்டால் ஒன்றரை முதல் இரண்டு குதிரைத்திறன், 1 மைக்ரான் கேனிஸ்டர், சக்கரம் வைத்த கலெக்டர். அதை எந்த இயந்திரத்தில் வேலையோ அதன் அருகே உருட்டிச் சென்று ஒரே ஒரு குட்டை ஹோஸில் மாட்டுங்கள். சுவர் முழுக்கக் குழாய் ஓட்டி வால்வு வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஒரு குதிரைத்திறன் இயந்திரத்தை வைத்து அதைச் செய்தால் கடைசி இயந்திரத்தில் காற்று வெறும் பெருமூச்சாகத்தான் வந்து சேரும். நான்கைந்து பெரிய இயந்திரங்கள் இடம் மாறாமல் நிற்கும் பட்டறைக்கு மூன்று குதிரைத்திறன் அளவிலான சைக்ளோனும் 6 அங்குல முதன்மைக் குழாயும் தேவைப்படும். அது வேறு கதை, தொடக்கத்திலேயே அதற்குப் போக வேண்டாம்.

மின்சாரத்தையும் முன்பே யோசியுங்கள். கலெக்டரும் ரம்பமும் ஒரே நேரத்தில் ஓடும், மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். இரண்டையும் ஒரே லைனில் மாட்டினால் பிரேக்கர் விழுந்துகொண்டே இருக்கும்.

நெருப்பு விஷயத்தில் ஒரு கண்டிப்பு: இரும்பு தேய்க்கும் கிரைண்டரை ஒருபோதும் இதில் மாட்டாதீர்கள். ஒரு பொறி போதும், தூள் மூட்டைக்குள் மணிக்கணக்கில் கனன்றுவிட்டு இரவில் பற்றும். பழைய மரத்தில் ஆணி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அறுப்பதும் இதற்காகத்தான். பிளாஸ்டிக் குழாயில் தேங்கும் நிலைமின்சாரம் சுரீர் என்று கையைக் கடிக்கும், செம்புக் கம்பி சுற்றி எர்த் கொடுத்தால் ஓரளவு அடங்கும்.

என்னதான் மாட்டினாலும் சாண்டிங் செய்யும்போது முகமூடி வேண்டும், வேலை முடிந்த பிறகும் கலெக்டரைக் கொஞ்ச நேரம் ஓட விடுவது நல்லது.

வாங்கி மாட்டியதும் ஒரு சோதனை செய்து பாருங்கள். இரவில் பட்டறை விளக்குகளைக் குறைத்து, இயந்திரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பலமான டார்ச்சை உங்கள் பக்கமாகத் திருப்பி நிறுத்தி வையுங்கள், பல்பு நேராகக் கண்ணில் படாமல் ஒரு அட்டையால் மறையுங்கள். கை தெளிவாகத் தெரியும் அளவு வெளிச்சம் வேலை செய்யும் இடத்தில் இருக்கட்டும். ஒரு பலகையை அறுக்கும்போது, பக்கத்தில் நிற்கும் ஒருவரை அந்த ஒளிக்கற்றையைப் பார்க்கச் சொல்லுங்கள். பகலில் கண்ணுக்குத் தெரியாத தூசு பால் புகை மாதிரி எங்கிருந்து கிளம்புகிறது என்று துல்லியமாகத் தெரியும். என் பட்டறையில் பார்த்தபோது டேபிள் சா சுத்தமாக இருந்தது. புகை வந்தது கலெக்டரிலிருந்தே, கேனிஸ்டரும் விசிறி வளையமும் சேரும் இடத்தில், நான் சரியாக இறுக்காமல் விட்ட ஒரு கிளாம்புக்கு அடியிலிருந்து.